பத்து அசைன்மென்ட்டுக்கும் ஒரே இடம்

கேள்வி: சார், நான் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் போட்டோகிராபி பிராக்டிகலுக்குப் பத்து அசைன்மென்ட்: டெக்ஸ்சர், சில்லவுட், டெப்த் ஆஃப் ஃபீல்டு, ஃப்ரீஸ், பேனிங், ஹை கீ, லோ கீ, பிராடக்ட், போர்ட்ரெய்ட், கடைசியாக ஒரு போட்டோ ஸ்டோரி. முதல் மூன்றைக் கொடுத்துவிட்டேன். டெக்ஸ்சருக்கு மரப்பட்டை, சில்லவுட்டுக்குச் சூரியன் மறையும்போது கையை விரித்து நிற்கும் தோழி, டெப்த் ஆஃப் ஃபீல்டுக்குப் போனின் போர்ட்ரெய்ட் மோடில் ஒரு ரோஜாப்பூ. மூன்றிலும் பத்துக்கு நான்கு, ஐந்துதான். "எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு" என்கிறார் மேம். இன்டர்னலுக்கு முன்னால் மறுபடி எடுத்துக் கொடுக்கலாமாம். டிபார்ட்மென்ட் கேமரா எனக்குப் புதன்கிழமை மட்டும்தான் கிடைக்கும், மற்ற நாளில் போன்தான். வகுப்பில் பலர் வேன் பிடித்து தனுஷ்கோடி, மகாபலிபுரம் என்று போய் எடுக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். 70,000 ரூபாய் கடன் வாங்கி கேமரா வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? சீனியர் அக்கா ஒருவர் தன் பழைய படங்களைத் தருகிறேன், கொஞ்சம் எடிட் செய்து வைத்துவிடு என்கிறார். தெரியாதவர்களைப் படமெடுக்கவும் எனக்குப் பயம். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடன் வேண்டாம். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விவரமாகக் கடைசியில் பேசுவோம். நீங்கள் எழுதியிருக்கும் பத்தில் ஒன்றுகூட, புதுக் கேமரா இல்லாததால் நின்றுபோகிற அசைன்மென்ட் இல்லை. இப்போதைக்கு அது தெரிந்தால் போதும்.

முதலில் மேம் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பிராக்டிகல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, பல கல்லூரிகளுக்குப் போகிறவன் நான். எந்த ஊருக்குப் போய் ரெக்கார்டைத் திறந்தாலும் மரப்பட்டை, அஸ்தமனத்தில் விரித்த கை, தண்ணீர் தெளித்த ரோஜா, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் 'சில்லவுட்' (நிழலுருவம்) என்று சொன்னதுமே, போனில் எப்போதோ பார்த்த ஒரு படம் மனதில் வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் அந்தப் படத்தைத் தேடித்தான் வெளியே கிளம்புகிறார்கள். தனுஷ்கோடிக்கு வேனில் போனாலும் அங்கே தேடுவது அதைத்தான். அதனால் போக முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். போயிருந்தால் இன்னொரு அஸ்தமனம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அசைன்மென்ட் என்பது உங்களைச் சோதிக்கத்தான். வெளிச்சம், நேரம், தூரம் இதில் ஏதோ ஒன்றை நீங்களாகக் கையாளுகிறீர்களா என்று அது கேட்கிறது. டெக்ஸ்சரில் கேட்கப்படுவது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கவனித்தீர்களா என்பது. உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக விழுகிற வெயிலில் எவ்வளவு சொரசொரப்பான பட்டையும் தட்டையாகத்தான் தெரியும். சில்லவுட்டில், முகமும் நிறமும் போன பிறகு வெறும் வெளிவடிவத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். கையை விரித்து நிற்கிறவர் யார், என்ன செய்கிறார் என்று அந்தப் படத்தில் எதுவும் தெரியவில்லை. டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது படத்தில் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பது. அதில் அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) தூரத்தையும் வைத்து நீங்கள் மங்கலை உண்டாக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடில் அதைப் போன் கணக்குப் போட்டுச் செய்துவிடுகிறது. இதழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கே வெட்டியிருக்கிறது என்று எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். மூன்றிலும் மார்க் குறைந்தது நியாயம்தான் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே போய் எடுப்பது? உங்கள் கடிதத்தில் அப்பாவின் வண்டி பணக் கணக்குச் சொல்லும்போது ஒரு வரியில் வந்து போகிறது. நான் அந்த வரியைத் தாண்டவில்லை. பத்து அசைன்மென்ட்டையும் அந்த வண்டியைச் சுற்றியே எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. குடும்பப் பாசத்துக்காகச் சொல்லவில்லை. தொழில் கண்ணால் பார்த்தால் அது நல்ல லொகேஷன். மேலே ஒரு தார்ப்பாயோ தகரமோ மரமோ இருக்கும். அதனால் உச்சி வெயில் தலையில் விழாது, வெளிச்சம் திறந்த பக்கத்திலிருந்து மட்டும் வரும். ஸ்டுடியோவில் பணம் கொடுத்து அமைப்பது இதைத்தான். கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி என்றால் நெருப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வெள்ளைத் துணியும் இரும்பும் இருக்கின்றன. நாளெல்லாம் அசையும் இரண்டு கைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்தது சரியில்லை என்றால் நாளைக்கும் போகலாம், மறுநாளும் போகலாம். வேனில் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

ஒரே இடத்தில் எத்தனை படம் எடுப்பது, சலித்துவிடாதா என்று தோன்றலாம். செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஜோசப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரில் தன் ஸ்டுடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் பனி படிந்த நாள், மழைத்துளி வழிந்த நாள், வெளியே வளைந்து நின்ற மரம். ஜன்னல் ஒன்றுதான், ஆனால் வெளிச்சம் ஒருநாள் இருந்த மாதிரி மறுநாள் இல்லை. அந்த வரிசையை இணையத்தில் தேடிப் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் அப்பாவிடம் கேளுங்கள். தன் வேலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் திரையில் ஓடுவது அவருக்குச் சம்மதமா? உங்களுக்குச் சம்மதமா? இரண்டும் முக்கியம். சங்கடமாக இருந்தால் அதில் தவறே இல்லை. அப்போது ஒரு சைக்கிள் கடை, தையல் கடை, டீக்கடை என்று கையால் வேலை நடக்கிற, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிற, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போய் நிற்க முடிகிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அங்கேயும் பொருந்தும். அப்பா சரி என்றுவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் எதையும் எடுக்காதீர்கள். வண்டிப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். வெயில் எத்தனை மணிக்கு மேசை மேல் விழுகிறது, எப்போது விலகுகிறது, கரி எப்போது மூட்டுகிறார், எந்த நேரத்தில் ஆள் வருகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 1942-ல் கார்டன் பார்க்ஸ் என்ற இளைஞர் வாஷிங்டனில் அமெரிக்க அரசின் புகைப்படப் பிரிவு ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் அவருக்குக் கொடுத்த முதல் வேலை, கேமராவை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போய் ஒரு கோட் வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்பது. பார்க்ஸ் கறுப்பினத்தவர். அவரைக் கடையில் மதிக்கவில்லை, ஓட்டலிலும் தியேட்டரிலும் உள்ளே விடவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தவரிடம், இந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவிடம் போய்ப் பேசு என்றார் ஸ்ட்ரைக்கர். அந்த அம்மாவின் பெயர் எல்லா வாட்சன். பார்க்ஸ் முதலில் அவருடைய வாழ்க்கையைக் கேட்டார், பிறகு படம் எடுத்தார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பமும் மாப்புமாக வாட்சன் நிற்கும் அந்தப் படம் உலகம் முழுக்கத் தெரியும். அதோடு பார்க்ஸ் நிறுத்திவிடவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அடுத்த சில வாரங்கள் வாட்சனின் வீடு, பேரப்பிள்ளைகள், அவர் போகும் தேவாலயம் என்று தொடர்ந்து எடுத்தார். உங்கள் போட்டோ ஸ்டோரிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அசைன்மென்ட்டுகளுக்கு வருவோம். டெக்ஸ்சரை மறுபடி எடுங்கள். தேய்க்க வந்த கசங்கிய காட்டன் சேலையோ வேட்டியோ போதும். காலையில் வெயில் தாழ்வாக, துணியை உரசிக்கொண்டு வரும் நேரத்தில் மேசை மேல் விரித்து எடுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் விழும். பாதி தேய்த்த துணி இன்னும் நல்லது. ஒரு பக்கம் சுருக்கம், மறுபக்கம் வழவழப்பு, நடுவில் பெட்டி போன கோடு. இதற்குப் போனே போதும்.

சில்லவுட்டுக்கு வானம் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிழலில் நிற்கும் அப்பா, அவருக்குப் பின்னால் வெளுத்த தெரு. போன் திரையில் பின்னணியின் பிரகாசமான இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கீழே இழுங்கள். பக்கவாட்டில் நின்று, பெட்டி உடம்பிலிருந்து விலகி முன்னால் போகிற நொடியில் எடுக்க வேண்டும். பெட்டி உடம்போடு ஒட்டியிருந்தால் வெறும் கரும் பிண்டமாகிவிடும். கை, பெட்டி, மேசை மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் பார்த்த மாத்திரத்தில் என்ன வேலை என்று புரியும்.

டெப்த் ஆஃப் ஃபீல்டைப் புதன்கிழமைக்கு வையுங்கள். டிபார்ட்மென்ட் கேமராவில் இருப்பது பெரும்பாலும் கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸாகத்தான் இருக்கும். அதை 55-க்கு இழுத்து, அப்பர்ச்சரை எஃப் 5.6-ல் வைத்து (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும்), பொருளுக்கு எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு கிட்டே போங்கள். பின்னணி தூரமாக இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியின் காற்றுத் துளைகள் தெளிவாக இருக்க, பின்னால் அப்பா மங்கலாகத் தெரியலாம். பிறகு அதே இடத்தில் நின்று எஃப் 16-ல் இன்னொன்று எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒற்றைப் படத்தைவிட இந்த ஜோடிதான் நீங்கள் புரிந்து செய்தீர்கள் என்று காட்டும். எஃப் 16-ல் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால் ஷட்டரையோ (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) ஐ.எஸ்.ஓ.வையோ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) அதற்கேற்ப மாற்ற மறந்துவிடாதீர்கள்.

ஃப்ரீஸ், அதாவது அசைவை உறைய வைத்து எடுப்பது, எனக்குப் பிடித்த பயிற்சி, உங்கள் வண்டியில் அது தானாகவே நடக்கிறது. துணி மேல் அப்பா கையால் தண்ணீர் தெளிப்பார் இல்லையா, அதுதான். துளிகள் தெரிய வேண்டுமானால் இரண்டு விஷயம் அமைய வேண்டும். வெயில் துளிகளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், துளிகளுக்கு அந்தப் பக்கம் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எத்தனை எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 1/1000-க்குக் குறையாமல், முடிந்தால் 1/2000. கூச்சப்படாமல் ஐம்பது, நூறு எடுங்கள். அதில் ஒன்றில் கையின் வடிவமும் துளிகள் சிதறும் வளைவும் ஒன்றாக அமையும். இதற்கும் போன் நன்றாகவே உதவும்.

ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பி, வண்டி தெளிவாகவும் பின்னணி கோடாகவும் வர எடுப்பதுதான் பேனிங். அதில்தான் போன் கைவிடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் வைவாவில் சொல்லலாம். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, அது எஃப் 1.8 அளவில்தான் இருக்கும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-க்கு எஃப் 16, ஷட்டர் 1/100 என்பது பழைய கணக்கு. எஃப் 1.8 என்றால் அதே வெயிலில் ஷட்டர் கிட்டத்தட்ட 1/8000-க்கு ஓட வேண்டும். பேனிங்குக்கு வேண்டியதோ 1/30. எட்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), படம் வெளுத்துப்போகும். அதனால் போனில் எடுப்பதென்றால் பொழுது சாய்ந்த பிறகு, ஷட்டரை நாமே மாற்றக்கூடிய புரோ மோடில். கேமராவிலோ அப்பர்ச்சரைச் சுருக்கி, நிழலான தெருவில் சாயங்காலமே எடுத்துவிடலாம். சைக்கிளுக்கு 1/30, பைக்குக்கு 1/60 என்று தொடங்குங்கள். காலை ஊன்றிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், கிளிக் செய்த பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. பின்னணியில் போஸ்டர் ஒட்டிய சுவர், கடை போர்டுகள் என்று பல நிறம் இருக்கட்டும். வெறும் வெள்ளைச் சுவரில் கோடு எங்கிருந்து வரும்? தேய்த்த துணியை அப்பா சைக்கிளிலோ டூவீலரிலோ கொண்டுபோய்க் கொடுக்கிறவராக இருந்தால், பஸ் ஸ்டாண்டில் போகிற யாரோ ஒருவரை எடுப்பதைவிட அவரையே எடுங்கள். பிறகு அது ஸ்டோரியிலும் உதவும்.

ஹை கீக்கு, அதாவது பெரும்பாலும் வெளிர் நிறமே தெரியும் படத்துக்கு, வெள்ளை வேட்டி, சட்டை அடுக்கு. கேமரா மீட்டர் வெள்ளையைப் பார்த்தால் சாம்பலாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். பெரும்பகுதி இருட்டாக இருக்கும் லோ கீக்கு இருட்டும் நேரம், பெட்டியைத் திறந்து கரியை விசிறும்போது அப்பா முகத்தில் விழும் சிவப்பு வெளிச்சம். இங்கே இரண்டு ஸ்டாப் இறக்குங்கள். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் அந்தச் சிவப்பைச் சரிசெய்கிறேன் என்று கெடுத்துவிடும், டேலைட்டில் வையுங்கள். பெட்டி கேஸுக்கோ கரன்ட்டுக்கோ மாறியிருந்தால் ஒரு பல்பு போதும்.

பிராடக்டுக்கு எல்லோரும் பெர்ஃப்யூம் பாட்டிலையும் வாட்சையும் கொண்டுவருவார்கள். நீங்கள் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். உலோகத்தை எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் திருப்பிக் காட்டும். ஆகவே பெட்டியின் மேல் டார்ச் அடிப்பதால் பயனில்லை, சுற்றியிருப்பதற்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். வீட்டு ஜன்னல் பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட்டை நிறுத்துங்கள். ஓரம் எடுப்பாகத் தெரியாவிட்டால் ஒரு கறுப்புத் துணியைப் பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள், விளிம்பில் கறுப்புக் கோடு ஓடும். 1930-ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் உட்பக்கம் எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சத்தை அதன் மேல் திருப்பிவிட்டது. வெஸ்டன் அந்தக் குடைமிளகாய்ப் படங்களுக்கு எண் போட்டு வைத்தார், நாம் இன்று கொண்டாடும் அந்தப் படம் 30-ஆம் எண். ஒரு காய்கறியோடு அவர் அவ்வளவு நேரம் இருந்திருக்கிறார்.

போர்ட்ரெய்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். உழைக்கிறவரை எடுக்கப் போனால் உடனே கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வியர்வையை க்ளோஸ்-அப்பில் காட்டி, நாலு மூலையையும் இருட்டாக்கி, பார்க்கிறவர் பரிதாபப்படும்படி செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து உங்கள் அப்பாவுக்கு அதைச் செய்யாதீர்கள். மேலேயிருந்து குனிந்து எடுக்காதீர்கள். அவர் கண் மட்டத்தில் கேமரா இருக்கட்டும். கேமரா என்றதும் அவர் நல்ல சட்டைக்கு மாறி, தலை சீவி, விறைப்பாக நிற்கலாம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதலில் அந்தப் படத்தை எடுத்து, மேக்ஸி சைஸில் பிரின்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். அவர் விரும்பிய படம் அது, அவருக்கு உரியது. அப்புறம் அடுத்தடுத்த நாட்களில் வேலைக்கு நடுவே அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிற ஒரு நேரம் வரும். அப்போது முகத்தைச் சுற்றி மேசை, துணி மூட்டை, வண்டியின் கூரை எல்லாம் கொஞ்சம் தெரிய எடுங்கள். போனின் சாதாரண லென்ஸை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகிவிடும், இரண்டு அடி பின்னால் வந்து 2 எக்ஸில் எடுங்கள். கேமரா கையில் இருந்தால் 55-ல் எடுங்கள், அது ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்கில் ஏறத்தாழ 85-க்குச் சமம், முகத்துக்கு நல்ல தூரம்.

தெரியாதவர்களை எடுக்கும் பயமும் இங்கே தானாகக் கரையும். வண்டிக்கு வருகிறவர்கள் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள். "அக்கா, காலேஜுக்காக அப்பா கடையைப் படம் எடுக்கிறேன், நீங்க வர்றதையும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் கூட வந்த பெரியவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. இன்னொன்று, மூட்டையில் இருப்பது அடுத்தவர் வீட்டுத் துணி. பெயர் பொறித்த யூனிஃபார்ம், துணியில் எழுதிய வீட்டு எண் இதெல்லாம் படத்தில் படிக்கிற மாதிரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அப்பாவின் தொழில் நாணயம் சம்பந்தப்பட்டது.

இப்படி ஒன்பதையும் எடுத்து முடிக்கும்போது போட்டோ ஸ்டோரிக்கு முக்கால்வாசி கையில் இருக்கும். மிச்சத்தை உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் தன் போட்டோகிராபர்களுக்கு, ஊரில் ஜனங்கள் எங்கே கூடுகிறார்கள், சாயங்காலம் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பது போன்ற கேள்விகளைப் பட்டியலாக எழுதி அனுப்புவது வழக்கம். நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் துணி எத்தனை மணிக்கு வருகிறது? அப்பா மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்? மழை வந்தால் துணியை என்ன செய்கிறார்? பண்டிகைக்கு முந்தின நாள் வண்டி எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறார்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு படம். மாணவர்களின் ஸ்டோரியில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, எல்லாப் படமும் ஒரே தூரத்தில், ஒரே நாளில் எடுத்தவையாக இருப்பது. தெருவோடு சேர்த்து வண்டி தெரிகிற ஒன்று, கை மட்டும் தெரிகிற ஒன்று, அப்பாவும் வாடிக்கையாளரும் பேசுகிற ஒன்று என்று தூரம் மாறட்டும்.

தேர்ந்தெடுப்பதை ஸ்கிரீனில் செய்யாதீர்கள். முப்பது நாற்பதை மேக்ஸி பிரின்ட்டாகப் போட்டுத் தரையில் பரப்பி, இரண்டு நாள் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். எது இல்லாமலும் கதை நிற்கிறதோ அதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி.

கல்லூரி அசைன்மென்ட்தானே, இதற்கு இவ்வளவா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவியாக இருந்தபோதுதான் தபேலா கலைஞர் ஜாகிர் உசேனைப் படமெடுக்கத் தொடங்கினார். கச்சேரிப் பயணங்களில் கூடவே போய்ப் பல ஆண்டுகள் எடுத்த அந்தப் படங்கள் 1986-ல் புத்தகமாக வந்தன. இன்றைக்கு உலக மியூசியங்களில் தொங்கும் அவருடைய படைப்புகளின் தொடக்கம் அந்த மாணவப் பருவத்து வேலைதான்.

பிரின்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 12-க்கு 8 இஞ்ச் பிரின்ட்டுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் இஞ்சுக்கு 300 புள்ளி) கணக்கில் 3600-க்கு 2400 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தில் அது தாராளமாக இருக்கிறது. ஆனால் லேபுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். பென்டிரைவில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் பிரின்ட் இருட்டாக வரும். ரெக்கார்டில் வெறும் எஃப் எண்ணையும் ஷட்டரையும் மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணி, வெளிச்சம் எந்தப் பக்கம், முதலில் எடுத்தது ஏன் சரியாக வரவில்லை, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

சீனியர் அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் வாங்காதீர்கள். ஒரு படத்தில் சந்தேகம் வந்தால் நாங்கள் கேட்பது, இதற்கு முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் காட்டுங்கள் என்பதுதான். ஏ.ஐ.யில் உருவாக்கி வைத்தாலும் இதே கேள்விதான் வரும். உண்மையில் நின்று எடுத்தவரிடம் அந்த முன்னும் பின்னும் ஏராளமாக இருக்கும். பாஸ் ஆவது ஒருபுறம் இருக்கட்டும், இன்னொருவர் படத்தை வைத்தால் அந்தப் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். நாளைக்கு வேலையில் முதல் நாளே அது தெரிந்துவிடும்.

இப்போது கடன். இரண்டாம் ஆண்டில் உங்களுக்கு எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்றே இன்னும் தெரியாது. கல்யாண வேலைக்கு வேண்டிய கேமரா வேறு, விளம்பரத்துக்கு வேண்டியது வேறு, வீடியோ பக்கம் போனால் இன்னும் வேறு. இப்போது வாங்கினால் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போதே அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். படிப்பு முடியும்வரை டிபார்ட்மென்ட் கேமரா, அவசரத்துக்கு ஒருநாள் வாடகை. மாவட்டத் தலைநகரங்களில் கல்யாண போட்டோகிராபர்களிடம் விசாரித்தால் வாடகைக்குக் கிடைக்கும். அவர்களில் நம்பிக்கையான ஒருவரிடம், வீட்டில் சொல்லிவிட்டு, முகூர்த்த நாட்களில் உதவிக்குப் போங்கள். லைட் பிடிக்கவும் கார்டு மாற்றவும் கற்றுக்கொள்ளலாம், கொஞ்சம் பணமும் வரும். மூன்றாம் ஆண்டு முடிவில் வாங்கியே தீர வேண்டும் என்று வந்தால், நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும் போதும், அது 70,000-க்கு வெகு கீழேயே முடியும்.

புதன்கிழமையைப் பற்றி ஒரு யோசனை. உங்கள் நோட்டில் குறித்த நேரங்களைக் காட்டி, கேமராவை மத்தியானத்துக்குப் பதில் காலை எட்டு மணிக்கோ சாயங்காலம் நாலரைக்கோ தர முடியுமா என்று மேமிடம் கேளுங்கள். காரணம் சொல்லிக் கேட்கிற மாணவிக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முதல் மூன்றைத் திரும்பக் கொடுக்கும்போது பழைய மரப்பட்டையையும் அஸ்தமனத்தையும் ரோஜாவையும் கிழித்துவிடாதீர்கள். அவற்றைப் புதுப் படங்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டி, என்ன மாறியிருக்கிறது என்று கீழே எழுதிக் கொடுங்கள்.